பெட்டிக்குள் ஓவிட்டி

பாதித் தலையை மழித்ததும் ஓவிட்டி முடிவெட்டும் மெஷினை நிறுத்திவிடுவார். சொல்லும் கதை உச்சத்துக்கு வந்துவிட்டது, இனி இரண்டு கைகளும் வேண்டும். அஹேரோ சந்தையில் அவருடைய கடை வாசலில் ஒருபக்கம் முடியும் மறுபக்கம் மொட்டையுமாக யாராவது எட்டிப் பார்த்தால் சிரிப்பவர் கிடையாது, எல்லோரும் பட்டவர்கள்தான். ஆறடிக்கும் மேல் உயரம். நிலையில் இடித்து இடித்து நெற்றியில் காய்ப்பு. தன் பெருமையைத் தானே பாடிக்கொள்வார்: "நான் யாரு? ஏரிக்குத் தாகம் எடுத்தா என்கிட்டதான் தண்ணி கேக்கும்! கண்ணாடி என்னைப் பாத்துதான் தலை சீவும்!" தூக்கத்திலும் பேச்சு ஓயாது என்று மனைவி அலோச் சொல்கிறார்.

இந்த மனிதரைத்தான் பிணமாக நடிக்கக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் அடோங்கோ டீச்சர். "மாத்திரைக்கு வராதவர்கள் மாட்டுக்கறிக்கு வருகிறார்கள்" என்று பத்திரிகையில் கட்டுரை எழுதி ஊர்ப் பெரியவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். படுக்கையில் கிடந்தவரை எட்டிப் பார்க்காத சொந்தம், செத்த பிறகு பஸ் பிடித்து வந்து இழவு விருந்துக்கு எருது வெட்டச் சொல்வதைப் பற்றிய கட்டுரை. வாங்கிய திட்டு போதாதென்று அதையே குறும்படமாக எடுக்கக் கிளம்பினார். கேமரா, தங்கையின் செல்போன். சவப்பெட்டி, கீறல் விழாமல் திருப்பித் தருவதாகச் சொல்லித் தச்சரிடம் வாங்கிய இரவல். பிணம்தான் கிடைக்கவில்லை. உயிரோடு பெட்டியில் படுத்தால் ஆகாது என்று ஆளாளுக்கு நழுவினார்கள்.

ஓவிட்டி உடனே தலையாட்டினார். அலோச் களி கிண்டும் துடுப்பை ஓங்கினார். "என்னை விதவையாக்கிப் பாக்க அவ்வளவு ஆசையா?"

"காலையிலேருந்து மதியம் வரைக்கும் நான் வாயே தொறக்கக் கூடாதாம். அதுக்காவது சந்தோஷப்படு, அலேகோ ஊரு மகளே." பிறகு குரலை இறக்கினார். "எங்க ஒமோலோ அண்ணன் ரெண்டு வருசம் இருமினாரே, நம்ம வாசல்ல யாரு வந்து நின்னா?"

துடுப்பு கீழே இறங்கியது. அண்ணன் இறந்த அன்று மூன்று பஸ் நிறையச் சொந்தம் வந்தது அலோச்சுக்கும் நினைவிருந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தவர் ஓவிட்டியின் சித்தப்பா மகன் ஒபுயா. அதை ஓவிட்டி கூட்டத்தில் போட்டு உடைத்துவிட, ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

சனிக்கிழமை காலை ஓவிட்டியின் முற்றத்தில் படப்பிடிப்பு. பெண்கள் அழ வேண்டும், உறவினர் எருது கேட்க வேண்டும், பிணம் எழுந்து "எவன்டா எருது கேக்கறது?" என்று அதட்ட வேண்டும். சந்தைக்காரிகள் பத்துப் பேர் அழ ஆரம்பித்தார்கள். அங்கேதான் வினை. ரொம்ப நன்றாக அழுதுவிட்டார்கள். தெருவில் போனவர்கள் நிஜமென்று நம்பி ஓடிவந்தார்கள். தேவாலயப் பாடகர் குழு முரசோடு வந்தது. "ஐயோ ஓவிட்டி, என் மகன் தலை பாதியில நிக்குதே!" என்று ஒரு தாய் மண்ணில் புரண்டார். "வாய்தான் நீளம், மனசு தங்கம்!" என்றார் இன்னொருவர். "இது படம்! படம்!" என்று டீச்சர் கத்தியது முரசில் அமுங்கிப்போனது. பிறகு அவர் கத்துவதை விட்டுவிட்டு, "எடுடீ, எடு!" என்று தங்கையை முடுக்கினார்.

பெட்டிக்குள் ஓவிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கில் ஈ. அவ்வளவு புகழ்ச்சிக்கும் "இன்னும் ஒண்ணு விட்டுட்டீங்க" என்று எடுத்துக் கொடுக்க நாக்கு துறுதுறுத்தது.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து சரிந்து விழுந்தது. ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து பெட்டியைக் கட்டிக்கொண்டவர் ஒபுயா.

"திட்டிக்கிட்டாவது இருந்திருக்கலாமேடா! அண்ணனைப் பாக்க வராதது திமிருல இல்லடா. அந்த இருமல் எனக்கும் ஒட்டிக்குமோன்னு பயம். தெருமுனை வரைக்கும் நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் திரும்பிட்டேன்."

பிணத்தின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. எழுதிக் கொடுத்த வசனம் மறந்துபோயிற்று. ஓவிட்டி எழுந்து உட்கார்ந்தார்.

"டேய் ஒபுயா, தள்ளி நின்னு அழுடா. மூச்சு முட்டுது."

முற்றம் ஒரே நொடியில் காலி. முரசு உருண்டு நெல்வயலில் விழுந்தது. பாடகர் ஒருவர் வேலி தாண்டியதில் கால்சட்டையின் பாதி முள்ளிலேயே தங்கிவிட்டது. ஒபுயா மட்டும் ஓடவில்லை. ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று புரிந்ததும் ஓவிட்டியின் கன்னத்தில் ஒன்று வைத்தார். அப்புறம் அப்படியே அவர்மேல் சாய, இரண்டு பேர் பாரத்தில் பெட்டியின் அடிப்பலகை பிளந்தது.

ஒரு மாதம் கழித்து ஞாயிறு மதியம், ஜன்னல்களில் போர்வை கட்டிய தேவாலயக் கூடத்தில் படத்தைத் திரையிட்டார்கள். "நான் அழுத காட்சியையும் போடுங்க டீச்சர். தெருமுனையில நிக்கிறவன் எவனாவது பாக்கட்டும்" என்று ஒபுயா முன்பே சொல்லியிருந்தார். ஆனால் மூக்கு ஒழுகும் அவர் முகம் வெள்ளைத் துணி முழுக்க விரிந்ததும் கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒபுயா முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டார்.

அடுத்து வருவது பிணம் கண்ணீர் விடும் இடம். மாதம் முழுக்க ஓவிட்டி ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்த இடம். அவர் எழுந்து போய்ப் படக்கருவியின் வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றார். நெடிய நிழல் துணியில் ஒபுயாவின் முகத்தை மறைத்தது.

"உக்காருய்யா, ஒட்டகச்சிவிங்கி!" வாழைப்பழத் தோல் ஒன்று பறந்துவந்து முதுகில் விழுந்தது.

ஓவிட்டி இரண்டு கைகளையும் அகல விரித்தார். ஒபுயாவின் குரல் மட்டும் கூடத்தில் கேட்டது. அது முடியும்வரை அவர் கைகளை இறக்கவில்லை.