ஒன்று என்றால் தாண்டிப் போ

அலுவலகத்தில் அவளுக்கு ‘எக்ஸிட் அக்கா’ என்று பேர். பழைய விவரங்களைப் புதிய தரவுத்தளத்தில் ஏற்றுவதற்கு லோடர் என்று ஒன்று இருக்கிறது. கோப்பை வரிவரியாக வாசித்து உள்ளே தள்ளும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு நொடி நின்று, "இதை என்ன செய்யட்டும்?" என்று நாம் எழுதிவைத்த சின்ன நிரலைக் கேட்கும். அந்த இடத்துக்குப் பேர் யூசர் எக்ஸிட். அங்கே பதில் சொல்லும் நிரல்களை எழுதியே அவளுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழை விழ விழக் கற்றுக்கொண்டது.

"ஊர்ல எல்லாத்துக்கும் எக்ஸிட் எழுதுறே, உனக்கு ஒண்ணு எழுதிக்கக் கூடாதா?" என்பார் கணவர். அவர் எலக்ட்ரீஷியன்.

"இந்த ஆஸ்பத்திரி வேலை முடிஞ்சா திங்கட்கிழமையே பயிற்சிப் பிரிவுக்கு அனுப்புறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காருங்க."

"சொல்றதுக்கென்ன, அவர் வாய்க்கு மீட்டரா ஓடுது?"

ஆனால் இந்த முறை உத்தரவே கைக்கு வந்துவிட்டது. பயிற்சிப் பிரிவுக்கு அவசரமாக ஆள் வேண்டும். திங்கட்கிழமை அவள் போகாவிட்டால் வேறொருவர் போவார்.

சனிக்கிழமை காலை நோயாளிகள் விவரத்தை ஏற்றினாள். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதும் அதில்தான் இருந்தது. மாலையில் ஆஸ்பத்திரி மருந்தகம் புதுத் திரைக்கு மாற வேண்டும். பழைய கோப்பில், ஊழியர்கள் பழகுவதற்காகத் தட்டிவைத்த போலி நோயாளிகளும் இருந்தார்கள். ‘அஅஅஅ’ என்று ஒருத்தர், வயது தொள்ளாயிரம். அப்படி ஒரு வரி வந்தால் ‘ஒன்று’ என்று பதில் சொல்லும்படி எழுதியிருந்தாள். ஒன்று என்றால் தாண்டிப் போ.

ஓட விட்டுத் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினால், ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று திரையில் நின்றது.

"கலக்கிட்டீங்க மேடம்" என்றார் பின்னாலேயே வந்த மேனேஜர்.

அவள் பாட்டிலைக் கீழே வைத்தாள். சாயங்காலம் வரை இழுக்க வேண்டிய வேலை. கடைசியாக ஏறிய வரியைப் பிடித்து, கோப்பில் அதற்கு அடுத்ததைப் பார்த்தாள். அஅஅஅ உட்கார்ந்திருந்தார்.

அவள் காலமெல்லாம் பழகிய பழைய லோடரில்தான் ஒன்று என்றால் தாண்டு. இந்தப் புது லோடருக்கு ஒன்று என்றால் ‘இனி வரி இல்லை’. அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு, மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறது. கையேட்டில் படித்ததுதான், விரல் பழைய பழக்கத்தில் தட்டிவிட்டது. வெள்ளோட்டத்திலும் மாட்டவில்லை. பார்க்க வசதியாக இருக்கட்டுமென்று போலி வரிகளையெல்லாம் அவளேதான் வெள்ளோட்டக் கோப்பின் கடைசியில் ஒதுக்கி வைத்திருந்தாள். அங்கே தாண்டுவதும் முடிப்பதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"பாதிகூட ஏறலை சார். என் தப்புதான்."

"வெற்றின்னு போட்டிருக்கே."

"அதைப் பொறுத்தவரைக்கும் வெற்றிதான். ஏறினதை அழிச்சு, திருத்தி, மறுபடி வெள்ளோட்டம் பார்த்து, முதல்லேருந்து ஏத்தணும். இன்னைக்குள்ள முடியாது."

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இப்போதைக்கு இருக்கிறதை வெச்சு மாத்திடுவோம். மிச்சத்தை அப்புறம் ஏத்திக்கலாம். நீங்களும் திங்கட்கிழமை நிம்மதியாப் போகலாம்."

அசதியில் தலையாட்டிவிடலாம் போலத்தான் இருந்தது.

"மிச்சத்துல யாருக்காவது பெனிசிலின் ஆகாதுன்னு இருக்கும் சார். திரை வெறுமையா இருந்தா, ஒண்ணுமில்லைன்னு நினைச்சு ஊசியைப் போட்டுருவாங்க."

அவர் வெளியே போய் ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு வந்தார். மருந்தகம் மாற அடுத்த தேதி, வருஷக் கணக்கு முடித்த பிறகுதானாம். "அந்தப் பயிற்சிப் பிரிவு..." என்று இழுத்தார்.

"தெரியும் சார். வேற ஆளை அனுப்பிருங்க."

ஒன்றை எடுத்துவிட்டுச் சுழியம் போட்டாள். வரியின் நீளத்தையும் சுழியமாக்கினாள். இந்த லோடருக்கு அதுதான் ‘தாண்டு’. வெள்ளோட்டக் கோப்பில் போலி நோயாளிகளைக் கிளப்பி, தலையில் ஒருவர், நடுவில் இருவர் என்று மாற்றி உட்கார வைத்தாள். பிறகு கணவருக்குப் பேசினாள்.

"போச்சுங்க."

"எது, வேலையா?"

"வேலை இருக்கு. அது எங்கயும் போகலை."

மறுமுனையில் டிரில் சத்தம் நின்றது. "சாப்பிட்டியா?"

"இனிமேதான்."