சாந்தி எழுந்து போன நேரம்

பாயா ரும்புட் தாமான் குடியிருப்பில் அகல்யாவைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சாந்தியையும் தெரியும். தன் தங்கை செத்த வீட்டிலிருந்து சாந்தி கைக்குழந்தையாக இடுப்பில் தூக்கி வந்த பிள்ளை அகல்யா. அவளை வளர்க்கவென்றே தனக்கு வந்த வரன்களையெல்லாம் சாந்தி தட்டிக் கழித்துவிட்டாள். எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதோடு நின்றவள், பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டியே பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய் நிறுத்தினாள். அகல்யா என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் போதும், "மனுசன் மூளைய அளக்குற படிப்பு" என்று வாய் நிறையச் சொல்வாள். அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். படிப்பு முடிகிற அன்று நாலு பேர் முன்னால் அகல்யா தன் கையைப் பிடித்து, என்னை வளர்த்தவர் இவர் என்று சொல்ல வேண்டும். இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசி வருடம் அகல்யா ஓர் ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் பிறந்து டவுனுக்கு வந்தவர்களை உட்கார வைத்து, அவர்களுடைய நுண்ணறிவைச் சோதிக்க வேண்டும். புக்கிட் காத்தில் ஊர்ப் பக்கமெல்லாம் அலைந்தாள். நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வருகிறவனுக்குப் பரீட்சை எழுத எங்கே பொறுமை? ஓர் ஆள் குறைந்தது. பெரியம்மாவை உட்காரச் சொன்னாள். சாந்திக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, விபூதி பூசிக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டாள்.

சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அட்டையில் உள்ள கோலம் போலவே அடுக்க வேண்டும், அதுதான் சோதனை. சாந்தி மளமளவென்று அடுக்கிக்கொண்டுதான் இருந்தாள். பாதியில் பிரவின் வந்து சேர்ந்தான். தங்கா பத்து ஊர்ப் பையன், அகல்யாவோடு படிப்பவன், வீடியோ எடுக்க வந்தவன். கேமராவை மேசைக்கு எதிரே நிறுத்தி ஓட விட்டான். முதல் தடவையாக வாசல் மிதித்த பிள்ளைக்கு வாய் நனைக்க ஒன்றும் கொடுக்காமல் கட்டையோடு விளையாடிக்கொண்டிருப்பதா? எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்த எவளால் அது முடியும்? எழுந்து போய்த் தேத்தண்ணி கலக்கினாள். வெறும் தேத்தண்ணியா என்று மனசு கேட்கவில்லை, வாழைப்பழத்தையும் மாவில் முக்கிப் பொரித்தாள். அகல்யாவும் தடுக்கவில்லை. சூடாக வந்த பழத்தை முதலில் எடுத்துத் தின்றதே அவள்தான். மேசைமேல் சோதனைக்கு வைத்த கடிகாரம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஆய்வைப் படித்துக் காட்டும் நாளைப் பற்றி அகல்யா வீட்டில் மூச்சே விடவில்லை. பிரவின்தான், பாவம், ஒன்றும் அறியாதவன், போன் போட்டு வரச் சொன்னான். பிள்ளைக்கு வேலை மும்முரத்தில் மறந்திருக்கும் என்று சாந்தி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கேண்டீனில் லீவு போட்டு, பட்டுப் புடவை கட்டி, பஸ் பிடித்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

திரையில் அவளுடைய வீடு வந்தது. அவளும் வந்தாள். கட்டையைப் பாதியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போகும் அவள் முதுகும், மூலையில் ஓடும் நேரமும் தெரிந்தன. தேத்தண்ணியும் இல்லை, பிரவினும் இல்லை, பழம் தின்ற அகல்யாவும் இல்லை. அதையெல்லாம் வெட்டியாயிற்று. எடுத்த காரியத்தில் மனதை நிறுத்தத் தெரியாதவர், நுண்ணறிவு சராசரிக்குக் கீழே என்று அகல்யா மலாயில் விளக்கினாள். மண்டபம் சிரித்தது. அகல்யாவும் சிரித்தாள். சாந்தி மனசுக்குள் கத்தினாள். அடிப் பாவி, எதற்காக எழுந்தேன் என்று உனக்குத் தெரியாதா!

சோதிக்கப்பட்டவர்களில் உன் உறவுக்காரர் யாரும் இல்லையே, இருந்தால் ஆய்வு செல்லாது என்று பேராசிரியை கேட்டார். யாருமே இல்லை என்றாள் அகல்யா. சொன்ன கையோடு பின்வரிசையில் சாந்தியைக் கண்டாள். முகம் வெளுத்துப் போனது. பேராசிரியையும் வீடியோவில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, அகல்யாவை எப்படித் தெரியும் என்று சாந்தியிடமே மலாயில் அன்பாக விசாரித்தார்.

சாந்தி எழுந்து நின்றாள். ஒரு வார்த்தை போதும், இத்தனை வருடப் படிப்பும் மண்ணாகிவிடும். அகல்யாவின் கண்கள் கெஞ்சின.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. அவ்வளவுதாங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு சாந்தி உட்கார்ந்தாள்.

"தேங்க்ஸ், ஆண்ட்டி" என்றாள் அகல்யா, மேடையிலிருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி.

பஸ் நிறுத்தத்துக்கு அவள் ஓடி வந்தாள். கூட்டம் கலைந்ததும் பெரியம்மா என்ற பேச்சு வாய்க்குத் திரும்பிவிட்டது.

"பெரியம்மா, கோவமா-லா? ஆள் பத்தல. சொந்தம்னு தெரிஞ்சா எல்லாம் போயிருக்கும். நீங்க எழுந்ததுக்குக் காரணம் எழுதினா, அது எப்படி டெஸ்ட் ஆகும்?"

பஸ் வந்து நின்றது. படியில் ஏறிய சாந்தி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"வீட்டுல ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் உனக்கு யாருமில்லன்னு நானே சந்தோசமா வந்து சொல்லிருப்பேன்டி. கேக்காமயே நீ சொல்லிட்டியே."

அகல்யாவும் ஏறப் பார்த்தாள். சாந்தி படியை விட்டு நகரவில்லை.