கொடித்தோடைப் பூவும் கருவண்டும்

பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும் நாள்களில் வாசலுக்கு வெளியே கொடித்தோடை எனும் பாஷன் பழத்தின் சாறு விற்பவர் திகன ஊர் மஸீனா. ஐம்பத்திரண்டு வயது. ஓரிடத்தில் இருக்க மாட்டார். சாப்பிடுவதுகூட அடுப்படியில் நின்றபடிதான்.

சென்ற வருடத் தொடக்கத்தில் அவர் வீட்டு முகட்டு மரத்திலிருந்து மரத்தூள் முன்னைவிட அதிகமாகக் கொட்டத் தொடங்கியது. சுண்டுவிரல் நுழையும் அளவில் துளைகள். பெரிய கருவண்டுகள் உறுமிக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தன. அந்தச் சத்தம் மஸீனாவின் தலைக்குள்ளேயே கேட்டது.

"ஊட்டயே திண்டு முடிச்சிரும்" என்றார்.

"பத்து வருஷமா ஈக்கிது. ஊடு உழுந்துச்சா? உட்டுரு" என்றார் கணவர் ஸெய்னுலாப்தீன்.

மஸீனா விடவில்லை. ஏணி வைத்து ஏறி, பதினான்கு துளைகளிலும் மண்ணெண்ணெய் ஊற்றி, சீமெந்தால் அடைத்தார். வீடு அமைதியானது.

சித்திரையில் தோட்டத்துக் கொடித்தோடைப் பந்தல் முழுக்கப் பூத்தது. நண்பகலில் விரிந்த பூக்கள் மறுநாளே உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. மஸீனா சாம்பல் போட்டார், பசளை மாற்றினார், இருவேளை நீர் ஊற்றினார். ஆடிக்குள் போட்டி வந்துவிடும். இரவில் தூக்கமில்லை, பகலில் பந்தலுக்கும் வீட்டுக்கும் நடந்தபடியே இருந்தார்.

ஒருநாள் உச்சிவெயிலில் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். சிறு தேனீக்கள் நிறைய வந்தன. மகரந்தத்தைச் சுரண்டிக்கொண்டு பறந்தன. காய் பிடிக்க மகரந்தம் படவேண்டிய, பூவின் நடுவே உயர்ந்து நின்ற மூன்று சூல்முடிகளில் ஒன்றையும் அவை தொடவில்லை. அத்தனை சிறிய உடம்புக்கு அது எட்டாது. எட்டக்கூடியது எது? முதுகில் மஞ்சள் தூள் அப்பிய கருவண்டு. அழுக்கு என்று அவர் நினைத்திருந்த தூள்.

வீட்டுக்கு ஓடினார். ஏணியில் ஏறி, ஒரு துளையின் சீமெந்தை உளியால் பெயர்த்து, மரத்தைப் பிளந்தார். உள்ளே மரத்தூள் சுவர் வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்த உருண்டை. அதன்மேல் காய்ந்துபோன வெள்ளைப் புழு.

"யா அல்லாஹ், புள்ளைகள்" என்றார்.

கீழே ஏணியைப் பிடித்திருந்த ஸெய்னுலாப்தீன் கேட்டார்: "இப்ப என்ன செய்யப் போற?"

"இனி நாந்தான் வண்டு."

அன்றே சித்திரத் தூரிகை ஒன்று வாங்கினார். நண்பகலில் லுஹர் தொழுததும் ஏறி நிற்கக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பந்தலுக்குப் போவார். ஒரு கொடியின் மகரந்தத்தை மற்றக் கொடியின் பூவில் தடவுவார். கழுத்து வலித்தாலும் பூ வாடுமுன் முடித்தாக வேண்டும். போட்டிக்கு ஒரு வாளிச் சாறுதான் தேறியது.

வண்டு துளைத்துக் குடியேறட்டும் என்று காய்ந்த முருங்கைத் தடிகளை ஸெய்னுலாப்தீன் பந்தல் காலோடு கட்டினார். பார்க்க வந்த விவசாயப் போதனாசிரியர் ஷஹ்மா சிரித்தார்.

"இருக்க இடம் குடுத்துட்டீங்க, சரி. கொடி பூக்காத மாசத்துல அது எதத் தின்னும்?"

மஸீனா அதை யோசித்ததே இல்லை. மறுநாளே வேலியோரம் துவரையும் பூமரமான கிளிரிசிடியாவும் நட்டார்.

இந்த வருடம் இரண்டு கருவண்டுகள் தடியைத் துளைத்திருக்கின்றன. நூறு பூவுக்கு இரண்டு போதாது. மஸீனா தூரிகையை விடவில்லை. வண்டு வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுகிறார். வானம் கறுத்தால் அவை வராது. மேகத்தைப் பார்த்தபடி அடுத்த கொடிக்கு விரைகிறார்.