மருந்து ஓஸில் வந்த கேஸ்

"டிசம்பர் 25. பூசை முடிந்து தங்கச்சி வீட்டில் மதிய விருந்து. கறி சுடும் கேஸ் அடுப்பு குபீரென்று தீப்பிடித்தது. தங்கச்சிக்கு இடது கெண்டைக்காலில் புண். அடுப்புக்குச் சேதமில்லை. காரணம் தெரியவில்லை."

அன்று சாயங்காலம் என் நாட்குறிப்பில் எழுதியது இவ்வளவுதான். "அடுப்புக்குச் சேதமில்லை" என்ற தகவல் தங்கச்சியின் கணவர் தந்தது. மனைவி கால் வெந்து உட்கார்ந்திருக்க, ரெகுலேட்டரை மூடிவிட்டு அவர் முதலில் குனிந்து பார்த்தது அடுப்பைத்தான். கம்பம் ஊரில் டாக்டரிடம், நடந்ததை மறைத்து, "எண்ணெ கொட்டிருச்சு சார்" என்று சொன்னவரும் அவர்தான்.

தங்கச்சி வாழ்க்கைப்பட்டது உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ ஊரில். திராட்சைத் தோட்டக் குடும்பம். மாப்பிள்ளை வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது அந்த அடுப்பும் கார்கோவில் வந்து சேர்ந்தது. சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி, மேலே மூடி, உள்ளே கம்பித் தட்டு, அடியில் சிலிண்டருக்கு இடம். அங்கே புரொப்பேனில் எரிந்தது. இங்கே நம் சிலிண்டரின் வாயில் அதன் ரெகுலேட்டர் உட்காரவில்லை. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளை அதைச் செய்யாமல், அடுப்போடு வந்த ரெகுலேட்டரையும் குழாயையும் கழற்றி எறிந்தார். சமையலறை ரெகுலேட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். குழாய்க்குப் பதிலாக, திராட்சைக்கு மருந்தடிக்கும் மஞ்சள் ஓஸில் ஒரு துண்டை வெட்டிச் செருகி, இரண்டு முனையையும் பந்தல் கம்பியால் முறுக்கிக் கட்டினார்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் மட்டுமே நடக்கக்கூடிய முட்டாள்தனம் இது. எங்கள் பக்கம் எது அறுந்தாலும் பந்தல் கம்பி, எது ஒழுகினாலும் மருந்து ஓஸ். ஸ்பிரேயரின் வேகத்தையே தாங்குவது அடுப்பு கேஸைத் தாங்காதா என்று கேட்டால் இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் தலையாட்டுவார்கள். அந்த ஓஸ் தண்ணீருக்காகச் செய்தது. கேஸ் பட்டுப் பட்டு அந்த பிளாஸ்டிக் விறைத்துப்போகும். விறைத்தது இறுக்கிய இடத்தில் விரிசல் விட்டு வெடிக்கும். போதாக்குறைக்குக் காற்றில் தீ அணைகிறதென்று அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் போக வழியில்லாமல் காலடியிலேயே தேங்கி நிற்கும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்வதற்குள் அந்த வீட்டில் காரணம் முடிவாகிவிட்டது. தங்கச்சியின் மாமியார் கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "கேசத் தெறந்து விட்டுட்டு வெங்காயம் எடுக்க உள்ள போய்ட்டா. வந்து பத்த வச்சா பிடிக்காம என்ன செய்யும்?" திருகியதும் பற்றவைத்தேன், மூடியும் திறந்துதான் இருந்தது என்று தங்கச்சி என்னிடம் சொன்னாள். அந்த வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் அவளுடையது ராசியில்லாத கை என்றானது. சமையலறையில் புது சிலிண்டர் மாட்டக்கூட அவளை விடுவதில்லை. சமைப்பது மட்டும் அவள்தான்.

தவக்காலம் முழுவதும் அந்த வீட்டில் கறி கிடையாது. ஈஸ்டர் பூசை முடிந்து வரும்போதே எல்லோருடைய பேச்சும் கோழியைப் பற்றித்தான். நான் தேனியிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அடுப்பை ஷெட்டிலிருந்து உருட்டி வந்து நிறுத்தியிருந்தார்கள். அதே மஞ்சள் ஓஸ். அதே கம்பி. அதே தார்ப்பாய்.

"மாப்ள, இந்த ஓஸ இன்னும் மாத்தலையா?"

"எதுக்கு மச்சான்? முந்நூறு பவுண்டு பிரஷரு தாங்குற ஓஸு. சிலிண்டரு வெடிச்சாலும் இது வெடிக்காது."

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாமியார் வாசல் நடையிலிருந்தே சொன்னார்: "ஓஸு என்ன பண்ணுச்சு தம்பி? கைதேன் சரியில்ல. இன்னைக்கி அவ அங்கன வரமாட்டா. சேசு புண்ணியத்துல நல்லாப் பத்தும்."

மசாலா தடவிய கோழிச் சட்டியோடு தங்கச்சி அப்போதுதான் வெளியே வந்தாள். சட்டியைக் கீழே வைத்தாள். சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிப் பிடித்தாள். தோல் இன்னும் சுருங்கிக் கறுத்திருந்தது.

"அத்தை, இங்கன பாருங்க. நீங்க சொல்றாப்ல அடுப்புக்குள்ள கேசு நெறஞ்சு பிடிச்சிருந்தா என் மூஞ்சில்ல வெந்துருக்கணும்? புருவத்துல ஒத்த முடி கருகல. காலு எப்பிடி வெந்துச்சு?"

மாமியார் சொன்னார்: "ஆம்பளைக நிக்கிற எடத்துல சேலையத் தூக்குறா பாரு."

வெந்துபோன காலைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னது இது.

"சோப்பு நுரை கலக்கிக் கொண்டா" என்றேன் தங்கச்சியிடம். தார்ப்பாயைப் பிய்த்து எறிந்தேன். அடுப்பின் திருகுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு ரெகுலேட்டரைத் திறந்து, நுரையைத் துணியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். எந்த வீட்டிலும் யாரும் செய்யக்கூடிய சோதனை. ரெகுலேட்டர் பக்கம் ஒன்றுமில்லை. அடுப்பின் அடியில், திராட்சை மருந்தின் மயில்துத்தக் கறை நீலமாகப் படிந்திருந்த ஓஸைக் கம்பி இறுக்கிய இடத்தில் ஒரு குமிழ் ஊதிப் பெரிதாகி உடைந்தது. அடுத்தது கிளம்பியது. அப்புறம் நிற்கவே இல்லை.

மாப்பிள்ளையை அதுவரை நான் ஒருமையில் பேசியதில்லை.

"கண்ணத் தெறந்து பாருய்யா. இதுக்குப் பேரு ராசியா? இத வச்சுக்கிட்டு மறுபடியும் பத்த வைக்கப் போனியே, ஒனக்கு மனசு வந்துச்சா?"

ரெகுலேட்டரை மூடிக் கழற்றினேன். சுவரில் தொங்கிய, கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரியை எடுத்து ஓஸை மூன்று துண்டாக வெட்டினேன். யாரும் தடுக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும், குரலை உயர்த்தாமல், ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னைக்கி கசியுது, சரி மச்சான். கிறிஸ்மசுக்குக் கசிஞ்சுச்சுன்னு எப்பிடிச் சொல்லுவீக? மூணு மாசமா ஷெட்டுல கெடந்துச்சு. எலி கடிச்சிருக்கும்."

"அந்த எலிய நாந்தேன் சோறு போட்டு வளத்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி சட்டியோடு உள்ளே போனாள். அன்று கோழி குழம்பானது. சமையலறை ரெகுலேட்டரை அவளே மாட்டினாள். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது முறையும் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் டிசம்பரில் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை.

மாப்பிள்ளையின் கேள்வியை நான் கோபத்தில் தள்ளிவிட முடியாது. வெட்டிய துண்டு என்னிடம் இருக்கிறது. கம்பி இறுக்கிய கோட்டோடு நேராக வெடித்திருக்கிறது, எலிப்பல் படவில்லை. ஆனால் எப்போது வெடித்தது என்று அந்தத் துண்டு சொல்லாது. காலில் பட்ட புண்ணும் முழுச் சாட்சியாகாது: திருகு திறந்து கிடந்திருந்தால் கேஸ் மேலிருந்து வழிந்தும் தரையில் தேங்கலாம். நான் என் தங்கச்சியை நம்புகிறேன். நம்புவது வேறு, நாட்குறிப்பில் பதிவு செய்வது வேறு. கிறிஸ்துமஸ் அன்று செல்போனில் எடுத்த படங்களை விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் கோழி இருக்கிறது, சிரித்த முகங்கள் இருக்கின்றன. அடுப்பின் அடிப்பக்கம் ஒன்றிலும் இல்லை. கூடலூரிலிருந்து வந்த ஒருவர் மட்டும் இன்னும் அனுப்பவில்லை. டிசம்பரில் அந்த ஓஸ் கசிந்தது என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.