பாலக்கரைச் சந்தில் நான் சொன்ன வழி

பாலக்கரையில் எங்கள் சந்துகள் கட்டம் போட்ட தாள் போலிருக்கும். பாதாளச் சாக்கடைக்காகப் பாதிச் சந்துகளைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அன்று, செயின் பறித்தவன் என்று ஒருவனைக் கம்புகளோடு துரத்தி வந்த கூட்டத்தில் என் பழைய மாணவனும் இருந்தான்.

"கணக்கு சார், சீக்கிரம் சொல்லுங்க! எப்படிப் போனா அவனை மடக்கலாம்?"

எனக்கும் அது கணக்காகவே பட்டது. பள்ளங்களைத் தவிர்த்து, மிகக் குறுகிய வழியைச் சொன்னேன். "ரெண்டாவது சந்துல திரும்புங்கடா, அவனுக்கு முன்னாடி நிப்பீங்க."

பின்னாலேயே போனேன். பிடிபட்டவனின் முழங்கை பின்புறமாக மடங்கித் தொங்கியது. பல் உடைந்த வாயிலேயே மீண்டும் மிதித்தார்கள். செயினைப் பறிகொடுத்த பெண் ஓடிவந்து, "ஐயோ, இவர் இல்லைங்க!" என்று அலறினாள்.

அந்த அலறல் கேட்கும்வரை, என் வழி சரியாக இருந்ததே என்று பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.