முழங்கையில் வந்த மஞ்சள் கட்டி

முதலில் முழங்கையில்தான் கண்டேன். மஞ்சள் நிறக் கட்டி. வலி இல்லை. மகள் பரிமளாவுக்கு அப்போது எட்டு வயது. சுண்ணாம்பு தடவினேன். பிறகு குதிகாலிலும் வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு மேடேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையின் இரத்தம் பார்த்தார். எங்கள் கண்ணிமைகளையும் பார்த்தார். எனக்கும் வீட்டுக்காரருக்கும் லேசாக மஞ்சள் படிந்திருந்தது.

"நீங்கள் ரெண்டு பேரும் சொந்தமோ?"

அத்தை மகன் என்றேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். எங்களிடம் ஆளுக்குப் பாதிக் குறை. பிள்ளையிடம் இரண்டும் சேர்ந்துவிட்டது. இரத்தத்தில் உள்ள கொழுப்பை அவள் உடம்பு எடுத்துக் கழிக்காது. அது நாடியின் (இதயத்திலிருந்து இரத்தம் போகும் குழாய்) சுவரில் படியும். அதைத் தின்னும் கலங்கள் (உடம்பின் மிகச் சிறிய அறைகள்) அளவு மீறித் தின்று, தாங்காமல் பதறிச் செத்துப்போகும். குழாய் அடைபடும்.

அந்த வருஷம்தான் தமிழரை அடித்த கலவரம். டவுனிலிருந்து ஓடிவந்தவர்கள் எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறை) நிறைந்திருந்தார்கள். அடுப்பு மூட்டக்கூட இடமில்லை. பிள்ளைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. கலம் பதறுவது என்னவென்று அப்போது விளங்கியது.

மறுபடி கிளினிக் போனபோது அந்த டொக்டர் இல்லை. ஊருக்குப் போய்விட்டாராம். வேறொருவர் தூள் மருந்து தந்தார். தேங்காய்ப்பால், இறைச்சி, முட்டை நிறுத்தினோம். கட்டி வளர்வது நின்றது. நெஞ்சு வலி குறைந்தது, போகவில்லை.

சில வருஷம் போய், இந்தத் தையில் அண்ணன் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று வந்தார். அவர் மகள் கமலா என் மூத்தவன் சேகருக்கு உரிமைப் பெண். இருவருக்கும் ஆசைதான். ஆனால் சேகருக்கும் அந்தப் பாதிக் குறை உண்டு. நான் வேண்டாம் என்றேன்.

"வெளியிலேருந்து மாப்பிள்ளை வந்தப்ப, மச்சானைத்தான் கட்டுவேன்னு நின்னவ நீ. இப்ப எம்பொண்ணு மட்டும் கசக்குதா?"

"அதனாலதாண்ணே சொல்றேன்."

கமலாவுக்கு இரத்தம் பார்ப்போம் என்றும் கேட்டேன். பெண்ணுக்குக் குறை என்று ஊர் பேசும் என்றார். தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார். சேகர் அன்று முதல் சோற்றைத் தானே போட்டுத் தின்கிறான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உங்கள் பிள்ளைக்கு இப்படிக் கட்டி வந்தால் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்காதீர்கள். இரத்தம் பாருங்கள்.

பரிமளா இருக்கிறாள். மேட்டில் அவள் நிற்கும்போது நானும் நிற்கிறேன். கொழுந்து நிறுக்கும் நேரம் பார்த்து ஓடிய கால்கள் இவை. இப்போது அவளுக்கு மூச்சுத் திரும்புகிறவரை வேறு நேரம் கிடையாது.

என் உடம்பு எனக்கு மட்டும் என்று இருந்தேன். பிள்ளைகளுக்கும் அதைத்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். கமலாவிடமும் அந்தக் குறை இருக்கிறதா, தெரியாது.