கரையில் நின்ற வள்ளங்கள்

கோதம்பை மா தண்ணீரில் வேகும்போது ஒரு மணம் எழும். பசியைக் கிளப்பும், ஆனால் வாயில் வைக்க விடாது. சட்டி கொதித்து இறுகும் நேரம் பார்த்து அதற்குள் ஒரு சிட்டிகை மயில்துத்தம் விழும், விழுந்ததும் செம்புக் காசை நாக்கில் வைத்ததுபோல ஒரு கைப்பு அடுப்படி முழுவதும் பரவிவிடும். எங்கள் வீட்டுத் திங்கட்கிழமைகள் எல்லாம் அந்த மணத்தோடுதான் விடிந்தன. கிறேஸ் ரீச்சர் அச்சுவேலியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேரே எங்கள் குசினிக்குள் வந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பசை கிண்டத் தொடங்குவார். மயில்துத்தம் போடாவிட்டால் கரப்பொத்தான் ஒட்டினதையெல்லாம் ஓரிரவில் தின்று தீர்த்துவிடும். பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான் என்பதால் அம்மா ஒரு சருவச்சட்டியை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். அதன் பெயர் ‘பள்ளிக்கூடச் சட்டி’. நஞ்சு பட்ட சட்டி என்று அதில் ஒரு சுண்டு வெந்நீர்கூட வைக்க விடமாட்டார்.

தொண்டைமானாற்றுக்கு அப்பால், கடலைப் பார்த்தபடி நின்றது எங்கள் பள்ளிக்கூடம். மிஷன்காரர் எந்தக் காலத்திலோ கட்டி, பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது என்றாலும் ஊர் வாயில் அது கடைசிவரை ‘மிஷன் பள்ளிக்கூடம்’தான். ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். சண்டை ஓய்ந்து நாங்கள் ஊர் திரும்பியபோது யாரோ கூரை போட்டுத் தந்தார்கள், சுவரைப் பற்றி ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எங்கள் வகுப்பின் கிழக்குச் சுவரில் ஷெல் துண்டு துளைத்த ஓட்டை அப்படியே இருந்தது. புதிதாக வந்த கிறேஸ் ரீச்சர் அந்த ஓட்டையைப் பார்த்தார், சீமெந்தோடு வந்த மேசனைத் திருப்பி அனுப்பினார், ஓட்டையைச் சுற்றி மஞ்சள் ரிசுத்தாளில் கதிர் வெட்டி ஒட்டினார். காலையில் அந்த வழியே வெளிச்சம் உள்ளே விழும்போது எங்கள் வகுப்புக்கென்று ஒரு சூரியன் உதித்தது. என்ன கெட்டித்தனம் என்று இப்போது நினைக்கிறேன், அப்போது அது உண்மையான சூரியன் என்றே நம்பினேன்.

சூரியனுக்குக் கீழே கடல் வேண்டாமா? உடுப்புக்குப் போடுகிற நீலத்தைச் சுண்ணாம்பில் கரைத்து அந்தச் சுவர் முழுவதும் கடல் பூசினார். ஜன்னல் பக்கத்து ஓரத்தில் பசையைத் தடவி, கடற்கரையிலிருந்து அள்ளிவந்த மணலைத் தூவி, கரை ஒன்று செய்தார். எங்கள் எல்லோரையும் பால்மாப் பெட்டி அட்டையில் ஆளுக்கொரு வள்ளம் செய்ய வைத்தார். ரிசுத்தாளில் பாய், பழைய வலைத் துண்டில் கயிறு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் பெயர். கரையிலிருந்து கடலுக்குக் குறுக்கே, அப்பாமார் மீன் பிடிக்கிற தங்கூசி நூலை ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டி, வள்ளங்களை அதில் கொழுவினார். காலையில் வகுப்புக்குள் வந்ததும் அவரவர் வள்ளத்தைக் கடலுக்குத் தள்ள வேண்டும், மணி அடித்ததும் கரைக்கு இழுத்துவிட வேண்டும். எவன் வரவில்லையோ அவனுடைய வள்ளம் கரையில் நிற்கும். அதுதான் எங்கள் வரவுப் பதிவு.

அவர் மெதடிஸ்ற் கோயிலுக்குப் போகிறவர், நாங்கள் சந்நிதி முருகனைக் கும்பிடுகிறவர்கள். சந்நிதிக் கொடியேற்றம் வந்தால் அட்டையில் மயிலும் கடதாசிக் காவடியும் செய்வார், யேசு பிறந்த நத்தாருக்கு அதே காவடியின் ஈர்க்கில் குச்சியை உருவி நட்சத்திரம் கட்டுவார். அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி இதைக் கேட்டபோது, “ஆண்டவருக்கும் முருகனுக்கும் ஒரே பசைதானே கிண்டுறன்” என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கிளறினார். அம்மா சிரித்த சிரிப்பில் அடுப்பு ஊதும் குழல் கீழே விழுந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. வீட்டை விட்டுப் புறப்படும் எவரும் ‘போறன்’ என்று சொல்லக் கூடாது. போய்விட்டு வருகிறேன் என்பதை நாங்கள் ‘போட்டு வாறன்’ என்று சுருக்கிச் சொல்வோம், அதைத்தான் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இந்தக் கட்டு இன்னும் இறுக்கம். அப்பா வலையைத் தோளில் போடும்போது ‘எங்கை போறியள்’ என்று நான் கேட்டுவிட்டால் அம்மாவின் கை என் வாயில் விழும். ‘போறன்’ என்பது செத்தவர்களுக்கு உரிய சொல் என்பார்.

முதலில் போனவன் கோபி. அவனுடைய தாய் ஸ்கொலசிப் என்கிற புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கட்டும் என்று அவனைப் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, விடுகைப் பத்திரம் வாங்க வந்தார். கோபி வாசலில் நின்று, “போட்டு வாறன் ரீச்சர்” என்றான். “ஓம் மோனை, வா” என்றார் ரீச்சர். அவன் போன பிறகு நாங்கள் அவன் வள்ளத்தைக் கழற்றப் போனோம். அது சொக்கிலேற் தாள் ஒட்டின மினுமினுப்பான வள்ளம், எல்லோருக்கும் அதில் கண் இருந்தது. ரீச்சர் விடவில்லை. “போட்டு வாறன் எண்டுதானே சொன்னவன். நிக்கட்டும்” என்றார். அது விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தோம். அவர் விளையாடவில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் ரவுணுக்கு, சிலர் கொழும்புக்கு, தகப்பன் வெளியில் இருந்த பிள்ளைகள் பிரான்சுக்கும் கனடாவுக்கும். என் பக்கத்தில் இருந்த தர்சினி, கடற்கரைச் சோகி ஒட்டின வள்ளத்துக்காரி, கடைசி நாளில் தன் பாதி அழிறப்பரை எனக்குத் தந்துவிட்டுப் போனாள். போனவர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், ரீச்சரும் அத்தனை பேருக்கும் ‘ஓம், வா’ என்றார். அவர்களுடைய வள்ளங்கள் கரையில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கடலில் நாங்கள் சிலர் மட்டும். பிள்ளைகள் குறையக் குறைய ரீச்சரின் கைவேலை கூடிற்று. கிழிந்த வலையைக் கூரையின் கீழ் பந்தல்போல விரித்து, யோகட் கோப்பைகளில் மீன் செய்து அதில் சிக்க வைத்தார். மிதப்புக் கட்டை ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதித் தொங்கவிட்டார், ‘ழ’வுக்கு எல்லாவற்றிலும் பெரிய கட்டை. வகுப்பு வடிவாக இருந்தால் பிள்ளை போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும், பிள்ளை அடம்பிடித்தால் தாய் இரங்குவாள் என்பது அவருடைய கணக்கு. பாவம், எங்கள் தாய்மாரை அவருக்குத் தெரியாது. என் அம்மாவே பசைக்கு அடுப்பு மூட்டிக் கொடுத்துவிட்டு, ரீச்சர் அந்தப் பக்கம் போனதும், “உந்தக் கடதாசி எல்லாம் வடிவுதான். வடிவு ஸ்கொலசிப் பாஸ் பண்ணித் தருமே?” என்று முணுமுணுப்பார்.

அந்த முணுமுணுப்பைக் கேட்டால் நான் குசினியை விட்டு எழுந்து ஓடிவிடுவேன். என்னையும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் காய்ச்சல்போல என்னோடு கிடந்தது.

பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கூடங்களில் எதை வைத்திருப்பது, எதை மூடுவது என்று பார்க்கக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. அந்தக் கிழமை ரீச்சர் தினமும் பசை கிண்டினார். “வகுப்பை ஒருக்காப் பாத்தால் மூட மனம் வராது” என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் விரல்களெல்லாம் நீலம். அம்மா அகப்பையை வாங்கித் தான் கிளறினார்.

வந்தவர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. எங்கள் பெயரைக் குனிந்து கேட்டார், வலையில் சிக்கிய மீனை விரலால் சுண்டிச் சிரித்தார், சூரியனை நிமிர்ந்து பார்த்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தட்டத்தோடு ஒரு பக்கமாக நின்றார். அப்போதுதான் அதிகாரியின் கண் கரையில் விழுந்தது. “இவ்வளவு வள்ளமும் ஆரின்ரை ரீச்சர்?” என்றார். ரீச்சர் வாய் திறப்பதற்குள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து, “அவை போட்டு வாறம் எண்டு சொன்னவை சேர்” என்றோம். பெருமையாகத்தான் சொன்னோம்.

அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை வாங்கிக் குடிக்காமல் மேசையில் வைத்தார். “ரீச்சர், நான் எழுதுறதை விடுங்கோ. உந்தச் சுவரைப் பாக்கிற தாய் தேப்பன் என்ன நினைக்கும்? இருக்கிற பிள்ளையளைவிடப் போன பிள்ளையள்தான் கூடத் தெரியினம். உதுகளைக் கழட்டிப்போடுங்கோ.”

“கழட்டேலாது சேர். அதுகள் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?” என்றார் ரீச்சர். குரல் அடங்கியிருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். கிழமைக்குக் கிழமை வந்து போகிற வகுப்புத்தான், அந்தச் சுவரை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறவர்போல நின்றார். உதடு அசைந்தது. கோபி, தர்சினி என்று ஒவ்வொரு வள்ளமாகப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைப் பிடித்து வைக்கவென்று ரீச்சர் ஒட்டிய சுவர் என் அம்மாவுக்குப் போகும் வழியைக் காட்டிவிட்டது.

பின்னேரம் அப்பாவிடம், “எல்லாம் போட்டுதுகள். நாங்கள் மட்டும் என்ன விசரரோ?” என்றார். அப்பா வலையிலிருந்து தலை நிமிராமல், “கடைசியாய்க் கரைக்கு வாற வள்ளத்தின்ரை மீனுக்கு விலை இல்லைத்தான்” என்றார். நான் அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், ரீச்சரின் கணக்குப்படி அடம்பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா விடுகைப் பத்திரம் வாங்கப் போனபோது பள்ளிக்கூடச் சட்டியில் பசை இன்னும் சூடாக இருந்தது.

கடைசி நாள் என் வள்ளத்தை நானே கரைக்கு இழுத்தேன். அதன் பாய் ஓரத்தில் கிழிந்திருந்தது. ரீச்சர் அதைக் கண்டு, பச்சை ரிசுத்தாளில் ஒரு துண்டு வெட்டி, பசை தடவி, நகத்தால் நீவி ஒட்டினார். போகிற பிள்ளையின் வள்ளத்துக்கு எதற்குப் புதுப் பாய் என்று நான் கேட்கவில்லை. “போட்டு வாறன் ரீச்சர்” என்றேன். “ஓம் மோனை, வா” என்றார். வேலிக்கு அடுத்த பக்கம்தான் என் வீடு, ஆனாலும் பெரிய பள்ளிக்கூடத்து வான் வண்டி என்னை விடிய ஏற்றிப் பொழுதுபடக் கொண்டுவந்து விட்டதில் நான் அந்த வகுப்புக்குள் திரும்பக் கால் வைக்கவே இல்லை. புதிய பள்ளிக்கூடத்துச் சுவர்களில் கடையில் வாங்கிய படங்கள் கண்ணாடிக்குள் தொங்கின, தொடக் கூடாது.

அந்த ஆண்டு முடிவில் பள்ளிக்கூட வாசலில் ஒரு பலகை கட்டினார்கள்: ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.’ அரசாங்கமும் எங்கள் ஊர் வழக்கப்படிதான் விடைபெற்றது.

மூடிய அன்று ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பள்ளிக்கூடச் சட்டி, மண் போட்டுத் தேய்த்துப் புதிதுபோல மினுங்கியது. அம்மா தேத்தண்ணி கொடுத்தார், முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியாமல் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்து எழுந்து, குடையை எடுத்து, படலைவரை போய், ரீச்சர் திரும்பினார்.

“அப்ப நான் போறன்.”

அம்மா பதறிப்போனார். “ஐயோ ரீச்சர், உப்பிடிச் சொல்லாதேங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.”

“ஆரிட்டை வாறது?” என்றார். கோபம் இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். பிறகு வீதியில் இறங்கி நடந்தார். அத்தனை பேர் விடைபெற்ற அந்த ஊரில் உண்மை சொல்லிப் போனவர் அவர் ஒருவர்தான். அம்மா அந்தச் சட்டியை வாங்கிக் கவிழ்த்து வைத்தவர், பிறகு நிமிர்த்தவே இல்லை.

இத்தனை வருசத்துக்குப் பிறகு, போன கிழமை அந்த வகுப்பைப் பார்க்கப் போனேன். பலகையில் எழுத்து வெயிலில் அழிந்துவிட்டது. மீனவர் சங்கம் பழைய வலைகளை உள்ளே குவித்து வைத்திருக்கிறது. ஓட்டையைச் சீமெந்து வைத்து அடைத்துவிட்டார்கள், காலையிலும் உள்ளே இருட்டு. கடல் செதில் செதிலாக உதிர்ந்து கிடக்கிறது, தங்கூசியை யாரோ மீன் பிடிக்கக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆணிகள் மட்டும் துருவேறி நிற்கின்றன. வள்ளம் ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரத்தில் மணல் ஒட்டிய கரை மட்டும் அப்படியே இருக்கிறது. மயில்துத்தம் போட்ட பசை, பூச்சி தொடவில்லை. அச்சுவேலிக்கும் போனேன். ரீச்சர் வீட்டுப் படலை பூட்டிக் கிடந்தது. “அவ மகளோடை வெளிநாடு போட்டா” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

எனக்கும் விசா வந்துவிட்டது. கலியாண எழுத்து முடிந்ததிலிருந்து என் கணவர் கனடாவில் காத்திருக்கிறார். அப்பா இப்போது இல்லை, அம்மா இந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்கிறார். பெட்டி கட்டியாயிற்று, நாளை வான் வரும். அம்மா படலையடியில் வந்து நிற்பார். போட்டு வாறன் அம்மா என்பேன். ஓம் பிள்ளை, வா என்பார்.